நீ கண்டது கனவன்று

என் மகனுக்கு,

இந்த உறையைப் பிரித்ததும் முதலில் இந்தப் பத்தியை மட்டும் படி. பிறகு சற்றே நிறுத்து. கடல் பொங்கிய அன்று கட்சால் தீவில் உனக்கும் எனக்கும் இடையே நடந்தது என்ன என்பதை இதில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் நான் சொல்லி வந்தது அதுவன்று. அதை அறிய வேண்டுமா, எப்போது அறிய வேண்டும், எவர் அருகில் இருக்க அறிய வேண்டும் என்பதெல்லாம் உன் முடிவு. சனிக்கிழமைகளில் ஃபோனில் நீ பேசி வந்தாயே, அந்த ஆலோசகர் அம்மையாரின் துணையோடு படிப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. படிக்காமலே பெட்டியில் வைத்துவிட்டாலும் உன்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் நீ மேலே படிக்காமல் போனாலும் ஒன்று உன்னைச் சேர்ந்தாக வேண்டும். உன் அறிவில் எந்தக் கோளாறும் இல்லை. நீ கண்டது கனவன்று.

எதிரே அமர்ந்து சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதுவதற்குக் காரணம் அச்சம். நீ அலுவலகம் சென்ற பின், காலைப் பூசையையும் முடித்துவிட்டு, போர்ட் பிளேயரின் இந்தக் குட்வில் எஸ்டேட் வீட்டின் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து மூன்று நாள்களாக எழுதுகிறேன். மாலையில் உன் ஸ்கூட்டர் ஓசை கேட்டதும் தாள்களைப் பதிகப் புத்தகங்களுக்கு அடியில் மறைத்துவிடுகிறேன். குறிப்பேதும் இன்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசியவன், இங்கே ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறேன். அஞ்சேல் என்று கை உயர்த்தி நிற்கும் தெய்வத்தைப் பாடியே அறுபத்தேழு வயதை எட்டியவன், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அஞ்சுகிறேன்.

இதை ஊரறிய எழுதும் மடலாக அமைத்ததற்கும் காரணம் உண்டு. நம் தோட்டத்து மக்கள், கோயில் குடமுழுக்கு மலருக்காக, முருகனை நான் மீட்ட வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எல்லோர் முன்னும் சொன்ன பொய்யை ஒருவன் காதில் மட்டும் திருத்துவது நேர்மையாகாது என்று நெஞ்சு உறுத்துகிறது. ஆயினும் நீ சம்மதித்தால் மட்டுமே இது மலருக்குப் போகும். குற்றம் என்னுடையது, வாழ்க்கை உன்னுடையது.

உன் துன்பம் வெளிப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறேன். துறைமுகத்தருகே உள்ள உன் அலுவலகத்தில் பேரிடர் ஒத்திகை என்று சங்கு ஊதினார்கள். மாடிப்படியருகே எவரோ, "எல்லாரும் அங்கயே நில்லுங்க, அசையாதீங்க!" என்று கத்தினாராம். ஒத்திகை முடிந்து, மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு தேநீர் குடிக்கப் போன பிறகும் நீ அதே படியில் நின்றிருக்கிறாய். நண்பன் தோளைத் தொட்டு அழைத்தும் உன் கால்கள் பெயரவில்லை. மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோன பின், இதயத்தில் குறையில்லை, மனநல ஆலோசனை பெறுங்கள் என்றார் மருத்துவர். உள்ளூரில் எவரிடம் போனாலும் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று நீ அஞ்சினாய். மெயின்லாண்டிலிருந்து இணையவழியே தமிழில் பேசும் ஓர் அம்மையாரைத் தேடிக்கொண்டாய். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது.

"மொகம் தெரியாத பொம்பளகிட்ட போன்ல என்னடா பேச்சு? சொல்றத முருகன்கிட்ட சொல்லு மகன்."

"முருகன் திருப்பிக் கேள்வி கேக்க மாட்டாருப்பா. இந்த மேடம் கேக்குறாங்க."

நாத்திகம் பேசுகிறாய் என்று கடிந்துகொண்டேன். உண்மையில் நான் அஞ்சியது அந்தக் கேள்விகளுக்குத்தான். சனிக்கிழமை நான்கு மணிக்கு நீ அறைக்கதவைச் சாத்தியதும், அந்நேரத்தில் எந்தப் பூசைக்கும் விதியில்லை என்று அறிந்தும், நான் விளக்கேற்றிக் கைமணியை ஓயாமல் ஆட்டினேன். அப்பாவுக்கு வயதாக ஆகப் பக்தி முற்றுகிறது என்று உன் தங்கையிடம் ஃபோனில் சொல்லிச் சிரித்தாய். உன் குரல் என் செவியில் விழாதிருக்கவே அந்த மணி. ஆயினும் மணியோசையின் இடைவெளியில் சில சொற்கள் வந்து சேர்ந்தன. பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும்படி அவர் பயிற்றுவித்திருந்தார் போலும். "நாற்காலி, குடை, காலண்டர், ஜன்னல் கம்பி" என்று நீ சொல்வது கேட்கும். சமையலறையில் பாத்திரம் அதிர்ந்தாலே உடல் வியர்க்கும் நானும், நீ அறியாமல், அதையே செய்து பார்த்தேன். ஒருநாள் மாலை முகமெல்லாம் மலர்ந்து வந்து, "அப்பா, இன்னைக்கு ஜெட்டி ஓரம் வரைக்கும் தனியா நடந்துட்டு வந்தேன்" என்றாய். நீ தேறிக்கொண்டிருந்தாய், மகனே. அதைக் கலைத்தவன் நான்.

அந்த நாளைப் பற்றி நினைவிருப்பதை எழுதிப் பார்க்கும்படி அம்மையார் சொன்னதும், நீ விரும்பினால் ஒருமுறை தந்தையையும் உடன் அமர்த்திக்கொள்ளலாம் என்றதும் உனக்குத் தெரியும். நான் திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டி, மேடைக்குப் போகிறவன் போல வந்து உட்கார்ந்தேன். மேசைமேல் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த ஃபோனில் அவர் முகம் பாதிப் பேச்சில் உறைந்து நின்றது.

"நெட்டு போச்சு. வீடியோவ ஆஃப் பண்ணிடலாம் மேடம்" என்றாய்.

"பரவாயில்ல, குரல் போதும். ஐயா, வணக்கம். இங்க பரீட்சை எதுவும் இல்ல. அன்னைக்கு நடந்ததுல உங்களுக்கு ஞாபகம் இருக்கறத சொல்லுங்க. கஷ்டமா இருந்தா நடுவுலயே நிறுத்திக்கலாம்."

நான் நிறுத்தவில்லை. ஒரு தோளில் நீ, மறு கையில் முருகன், பின்னால் துரத்திவரும் கடல் என்று, பல மேடைகளில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையை ஒரு பாடலையும் சேர்த்து ஓதி முடித்தேன். நீ தலை கவிழ்ந்திருந்தாய்.

"பாத்தீங்களா மேடம்? அப்பா கோயில்லேந்து வெளிய வந்தாரு, என்னைப் பாத்தாரு, அப்புறம் திரும்பிப் போயிட்டாருன்னு சொன்னேன்ல... அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. என் மண்டைலதான் கோளாறு."

"இருங்க. ஒரே நாளை ரெண்டு பேர் ரெண்டு விதமா ஞாபகம் வச்சிருக்கலாம். யாரோடது தப்புன்னு இன்னைக்கே முடிவு பண்ண வேண்டாம்" என்றார் அவர். நீ என் பக்கம் திரும்பினாய். "அப்பா, ஒரு நிமிஷம்கூட என்னை எறக்கி விடலையா?"

அந்தக் கேள்வியோடு எனக்கு இன்னொரு வாய்ப்பும் வந்தது. "இல்ல மகன். தோளவிட்டு எறக்கவே இல்ல" என்றேன்.

ஃபோனை அணைத்துவிட்டு நீ எழுந்து வந்து என் கால்களைத் தொட்டாய். "மன்னிச்சிருங்கப்பா. பெத்தவரப் பத்தி என் மனசு இவ்வளவு அசிங்கமா ஒரு கதைய கட்டி வச்சிருக்கு" என்று அழுதாய். நான் உன் தலைமேல் கைவைத்து வாழ்த்தினேன். என் வாழ்நாளில் நான் செய்த கொடுமைகளுள் எது பெரிது என்று கேட்டால், கட்சாலில் செய்ததைவிட இதையே சொல்வேன். அங்கே நினைக்க நேரமில்லை. இங்கே நேரம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான்கு மணிக்கு நீ கதவைச் சாத்தவில்லை. இனி ஆலோசனையே வேண்டாம் என்றாய். பொய்யை நினைத்து அழவா ஒரு மணி நேரம் என்று கேட்டாய். திருமணத்தையும் நிறுத்தி வைக்கப்போவதாகச் சொன்னாய். "பெத்த அப்பனையே இப்படிக் கற்பனை பண்ற மண்டை, நாளைக்கு கௌரியப் பத்தி என்ன கற்பனை பண்ணுமோ? தெரிஞ்சே ஒரு பொண்ண இதுல எறக்க மாட்டேன்" என்றாய். தை மாதம் நடக்க வேண்டிய திருமணம். அதைவிட என்னை நடுங்கச் செய்தது வேறொன்று. அன்று முதல் நீ எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. கதவைப் பூட்டினேனா என்று மூன்று முறை திரும்பி வருகிறாய். சாப்பிட்டாயா என்றால் என் முகத்தைப் பார்க்கிறாய், விடை அங்கே இருப்பதுபோல. தன் கண்களை நம்பாதவனாக உன்னை ஆக்கிவிட்டேன்.

அதன் பிறகுதான் அம்மையாரை ஃபோனில் அழைத்தேன். நான் அழைத்ததை அவர் உனக்குத் தெரிவித்திருப்பார். காரணத்தைச் சொல்லியிருக்க மாட்டார்.

"ஐயா, உங்க பையனைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தைகூட நான் பேச முடியாது. நீங்க கூப்பிட்டீங்கன்னு அவர்கிட்ட சொல்லுவேன். அது சரின்னா, உங்களைப் பத்திப் பேசுங்க."

"நான் பொய் சொன்னேன் அம்மா" என்றேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தச் சொற்கள் என் வாயிலிருந்து வந்தது அதுவே முதல்முறை. பிறகு அவர் கேட்டது, "இப்ப உக்காந்திருக்கீங்களா? பக்கத்துல தண்ணி இருக்கா?" என்பதே. நான் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். உடனே மகனிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிடட்டுமா என்றேன். "உங்க பாரம் எறங்கணும்னு அவசரப்பட்டு அவர் தலைமேல போட்டுறாதீங்க ஐயா. எப்ப கேக்கணும்னு முடிவு பண்ற உரிமை அவருக்கு இருக்கட்டும். உங்களுக்கும் பேச ஆள் வேணும். அது நானா இருக்கக்கூடாது, வேறொருத்தரோட பேரு தர்றேன்" என்றார். உபதேசம் செய்து பழகிய எனக்கு, உபதேசிக்காமல் ஒருவர் வழிகாட்டுவது புதிதாக இருந்தது. இக்கடிதத்தின் முதல் பத்தி அவர் தந்த அறிவு.

இனி, நடந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, தோட்டத் தொழிலாளரைக் காலையில் வரிசையில் நிறுத்தி வேலைக்கு அனுப்பும் பெரட்டு இல்லாத நாள். உன் தங்கையைப் பெற்றெடுக்க உன் தாய் போர்ட் பிளேயரில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். வீட்டில் நாமிருவர் மட்டும். உனக்கு ஆறு வயது. நிலம் அதிர்ந்தபோது உன்னை வாரியெடுத்து வெளியே ஓடினேன். நிற்க முடியாமல் விழுந்து, உன்மேல் கவிழ்ந்து கிடந்தேன். நான் சொல்லி வந்த கதையில் இவ்வளவுதான் உண்மை. அதிர்வு ஓய்ந்து எழுந்ததும், கடல் விலகி ஓடுகிறது என்று கரையிலிருந்து கூச்சல் கேட்டது. உன்னை இடுப்பில் இருத்தி, ரப்பர் மரங்கள் நிற்கும் மேட்டை நோக்கி ஓடினேன். வழி திரும்பும் இடத்தில் கோயில். அங்கே பூசை செய்தவன் நான்; அதன் சாவி என் இடுப்பில்.

அந்த முருகன் நமக்கு யார் என்பதை நீ அறிவாய். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து நம் மக்களைக் கப்பலேற்றி அனுப்பியபோது, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கோயிலிலிருந்து ஒரு சேலையில் சுற்றிக் கொண்டுவந்த ஒன்றரை அடித் திருமேனி அது. அங்கிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து மறுபடி கப்பலேறிக் கட்சாலுக்கும் அது எங்களோடு வந்தது. எந்த நிலத்தையும் எங்களுடையது என்று சொல்ல முடியாத நாங்கள், அதை வைத்த இடத்தை ஊர் என்றோம். அதை விட்டுவிட்டு மேடேறினால் மக்கள் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம், ஓடும்போதே என்னை நிறுத்தியது. கோயில் மதிலருகே இருந்த மேடையில் உன்னை இறக்கிவிட்டேன்.

"இங்கயே நில்லு மகன். அசையாத. அப்பா சாமிய எடுத்துக்கிட்டு ஓடியாறேன்."

நீ தலையாட்டினாய். சொன்ன சொல் தவறாத பிள்ளை நீ. பீடத்தில் பொருத்தியிருந்த திருமேனியைக் கழற்ற நான் நினைத்ததைவிட நேரமாயிற்று. பக்கவாயில் வழியே வெளியே வந்தபோது, உனக்கும் எனக்கும் நடுவே பழுப்பு நீர் பலகைகளையும் மரக்கிளைகளையும் சுழற்றிக்கொண்டு போயிற்று. மேடைமேல் நீ முழங்கால் நீரில் நின்றாய். அழவில்லை, அசையவில்லை, என்னைப் பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். அப்போது அந்த நீர் என் இடுப்பளவுகூட இல்லை, மகனே. கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு எட்டுப் பத்து அடி வைத்திருந்தால் உன்னை எட்டியிருப்பேன். நான் திரும்பினேன். மேடேறினேன். நீ என்னைக் கூப்பிட்டாய். அது கேட்டது.

முருகனுக்காக உன்னை விட்டேன் என்று சொன்னால் அதிலும் ஒரு பெருமை மிஞ்சும். பெற்ற பிள்ளையையே இறைவனுக்கு ஈந்த அடியாரின் கதையைப் பல ஆண்டுகள் எனக்குள் சொல்லி, நானும் அந்த வரிசையில் நிற்பவன் என்று என்னை ஏமாற்றிக்கொண்டேன். அவர் அன்பினால் கொடுத்தார். நான் பயத்தினால் ஓடினேன். கோயிலுக்குள் போனது ஊர்ப்பேச்சுக்குப் பயந்து. உன்னிடம் வராதது தண்ணீருக்குப் பயந்து. கைகள் வெறுமையாக இருந்திருந்தாலும் திரும்பியிருப்பேனோ என்ற ஐயம் இன்றும் என்னைத் தின்கிறது. பூசையில் நான் கண்மூடி உருகுவதாகச் சொல்வார்கள். கட்சாலுக்குப் பிறகு அந்தத் திருமுகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. பார்க்க அஞ்சியே கண்களை மூடினேன்.

மேட்டில் நான் தனித்தே இருந்தேன்; உன்னைக் கண்டது மூன்றாம் நாள் காலையில். மேட்டுக்கு மறுபுறம், தார்ப்பாயின் கீழ் நிக்கோபாரிப் பழங்குடிக் குடும்பங்கள் சில தங்கியிருந்தன. வயது முதிர்ந்த ஒரு பெண்மணியின் மடியில் நீ இருந்தாய். தன் லுங்கியைக் கிழித்து உன் பாதங்களில் சுற்றியிருந்தார். இளநீரின் வழுக்கையைச் சுரண்டி உனக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். உன் காலில் துணி சுற்றிவிட்ட ஒருவர், புரியாத மொழியில் பேசியபடி ஏதோ ஊட்டினார் என்று நீ சிறுவயதில் சொன்னபோதெல்லாம், காய்ச்சலில் பிதற்றினாய் என்றேனே, அவர்தான் இவர். உனக்குக் காய்ச்சலே வரவில்லை.

"யே துமாரா பச்சா?" என்று கேட்டார். என் பிள்ளைதான் என்று தலையசைத்தேன். என் கையிலிருந்த திருமேனியைப் பார்த்தார்; என் முகத்தைப் பார்த்தார். "தும் கஹான் தா?" என்றார். நீ எங்கே இருந்தாய் என்ற அந்தக் கேள்வியைக் கேட்காதவன் போல, உன்னை வாங்க ஒரு கையை நீட்டினேன். நீ என்னிடம் வரவில்லை. அவர் ஆடையைப் பற்றியிருந்த உன் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கேட்டால் நன்றி சொல்ல வேண்டும், நன்றி சொன்னால் எதற்கென்று சொல்ல வேண்டும்.

பொய் அதன் பின் தானே வளர்ந்தது. மீட்புக் கப்பலில் ஏறியபோது, களைத்து என் தோளில் நீ உறங்கிவிட்டாய். மறு கையில் முருகன். தளத்தில் இருந்த நம்மவர் ஒருவர், "அடேயப்பா! ஒரு தோள்ல புள்ள, ஒரு கையில சாமி! மனுசன் ரெண்டயும் தூக்கிட்டு வந்துட்டாருய்யா!" என்று கூவினார். வீட்டாரை இழந்து கிடந்த பெண்கள் எழுந்து வந்து என் காலில் விழுந்தார்கள். மறுக்க வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. அதையும் பக்தி என்று கொண்டார்கள். உன் தாய் ஒருத்திதான் ஐயுற்றாள். போர்ட் பிளேயரில் உன்னைக் குளிப்பாட்டிவிட்டு, "தோள்ல வந்த புள்ளைக்கு உள்ளங்காலு ஏங்க இப்படிக் கிழிஞ்சிருக்கு?" என்று கேட்டாள். இறையருளைப் பற்றி ஒரு செய்யுளைச் சொல்லி நகர்ந்தேன். பிறகு அவள் கேட்கவே இல்லை. உனக்குப் பத்து வயதாகும்வரை தினமும் உன் பாதங்களில் எண்ணெய் தடவுவாள். தடவும்போது சில வேளை என்னை நிமிர்ந்து பார்ப்பாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் கண்மூடியபோது, அறிந்தே போனாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கோழைத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்று முற்பகல் ஜங்லிகாட்டுக்குப் போனேன். கௌரியின் தந்தை தம் பட்டறையில் ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். "அரே, வாங்க சம்பந்தி! மாப்பிள்ளைக்கு ஏதோ மனசு சரியில்லன்னு சொன்னாங்க. டென்ஷன் ஆகாதீங்க, வண்டின்னா ரிப்பேர் வரும், மனுசன்னா வராதா?" என்று சிரித்தார். கௌரி தேநீர் கொண்டுவந்தாள். இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, இது அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலம்மா."

"அப்ப எங்ககிட்ட ஏன் சொல்றீங்க? அவரோட கதைய அவருக்கு முன்னாடி நாங்க கேட்டுட்டோமே. இதுவும் தப்புதானே மாமா?"

ஆம், தப்புதான். நீ எப்படித் தாங்குவாய் என்று வேறு முகங்களில் ஒத்திகை பார்க்கப் போயிருக்கிறேன். நான் விடைபெற்றபோது அவள் வாசல்வரை வந்து, "கல்யாணம் நிக்குதா நடக்குதான்னு நான் அவர்கிட்ட பேசிக்கறேன். நீங்க அதுக்காக எழுதாதீங்க. அவருக்காக எழுதுங்க" என்றாள். உன் வாழ்க்கைத் துணையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது வேறெதுவும் இல்லை.

தந்தை என்ற முறையில் அறிவுரை கூற எனக்குத் தகுதி மிச்சமிருக்கிறதா என்று தெரியவில்லை. சிலவற்றை வேண்டுகோளாகவே வைக்கிறேன். சனிக்கிழமைப் பேச்சை மறுபடி தொடங்கு. நீ அங்கே அழுதது பொய்க்காக அன்று. ஒத்திகையன்று உன் கால்கள் நகராததை நோயென்று வெறுக்காதே. அசையாதே என்று தந்தை சொன்னதை அவை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தச் சொல்லை இன்று நான் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அதை உன் உடலுக்கு உணர்த்தும் வழியை அந்த அம்மையார்தான் அறிவார், நான் அறியேன். என்னை விரைந்து மன்னித்துவிடாதே. உன் நல்ல குணத்தை நினைத்தால் எனக்கு அந்த அச்சமும் இருக்கிறது. நீ சினந்தால் சினந்துகொள். வயதானவர் என்று அடக்கிக்கொள்ளாதே. எனக்கென அவர் தந்த பெயருடையவரிடம் நான் நாள் குறித்துவிட்டேன். என் நடுக்கத்தை நீ சுமக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாது. நான் திரும்பி நடந்த பின், மூன்றாம் நாள் காலைவரை உனக்கு என்ன நேர்ந்தது? மேடையிலிருந்து எப்படி வெளியேறினாய், எங்கே ஓடினாய், அந்த நிக்கோபாரி அம்மாள் உன்னை எங்கே கண்டெடுத்தார், என்ன பேசினார்? இத்தனை ஆண்டுகள் அந்த நாளின் கதையை ஊருக்குச் சொன்னவன் நான். அதில் பெரும்பகுதியை உடனிருந்து கண்டவன் நீ ஒருவனே. என்றாவது சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல், ஒரு செய்யுளும் சொல்லாமல் கேட்பேன். தோன்றாவிட்டால் கேட்க மாட்டேன்.

வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கே நான் ஜங்லிகாட் பட்டறைக்குப் போய்விடுவேன். வீடு உனக்கு முழுதாக வேண்டும். நான் எப்போது திரும்ப வேண்டும் என்பதை நீ சொல். சில நாள் போகட்டும் என்றால் கௌரியின் தந்தை மாடியறையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாற்றுத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். ஃபோன் என் கையிலேயே இருக்கும். உன் பெயர் அதில் தோன்றினால் அஞ்சுவேன். அஞ்சினாலும் எடுப்பேன்.

உன் தந்தை